பதினேழாம் வரிசை

வீரமடை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு மேல் மாடியில் ஓர் ஆசான் இருந்தார்.

ஆசான் என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேட வேண்டாம். பேராச்சி டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. அவர் கற்றுக்கொடுத்தது வேதாந்தமும் இல்லை. லட்சக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் எண்களைப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரே மொத்தமாகக் கையாளும் வித்தை. ஒவ்வொரு எண்ணாகத் தொட வேண்டியதில்லை. ஒரு வரி எழுதினால் அத்தனை எண்ணும் கூடும், குறையும், பெருகும்.

ஒரு வரியில் அத்தனையும் கெடவும் கெடும். அதனால்தானோ என்னவோ, டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வியோடு வருகிறவர் உட்காரக் கூடாது. கணினியைத் திறந்ததிலிருந்து தன் கை தட்டிய ஒவ்வொரு வரியையும் நின்றபடியே ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பேர் எந்த வரியை விழுங்கினார்களோ, அந்த வரியில்தான் கோளாறு இருக்கும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். நல்ல மழை. வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை. தவசிமுத்து மட்டும் வந்தார். ஏழுமடை அணையின் மழைக்கணக்கு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். ஐம்பத்தொரு வயது. தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரை 'டீச்சர்' என்று கூப்பிட அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. டீச்சர் அவரை 'அண்ணாச்சி' என்பார்.

தவசிமுத்து குடையை மடக்காமலே உள்ளே வந்தார். அவ்வளவு கோபம்.

"டீச்சர், பொய் எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு புரோகிராம் வேணும்."

"எண்ணு பொய் சொல்லாது அண்ணாச்சி."

"எண்ணை அனுப்புற ஆளு சொல்லுவா."

"யாரு?"

"கூனிப்பாறையில ஒருத்தி. செண்பகவடிவு. மழைமானி பாக்கிறவ."

அணைக்கு மேலே மலையில் முப்பத்து நான்கு இடங்களில் மழைமானி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். தினமும் காலை எட்டரைக்குப் போய், பாட்டிலில் விழுந்திருக்கும் மழையை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். அளந்ததை நோட்டில் எழுதிவிட்டுப் போனிலும் தட்டிவிட வேண்டும். போனில் தட்டியது தானாக வந்து தவசிமுத்துவின் கோப்பில் உட்காரும். ஓர் இடத்துக்கு ஒரு வரிசை. ஒரு நாளுக்கு ஒரு கட்டம். கூனிப்பாறை பதினேழாம் வரிசை.

"என்ன பொய்?" என்றார் டீச்சர்.

"போன மாசம் பத்தொன்பதாம் தேதி நூறு. இருபதாம் தேதி நூறு. இருபத்து மூணு, அன்னைக்கும் நூறு. மழை என்ன அரிசிக் கடையில நிறுத்தா பெய்யுது, நூறு நூறா?"

"நோட்டுல என்ன இருக்கு?"

"அதுதான் கேளுங்க. நோட்டுல நூத்தி எம்பத்தேழு புள்ளி நாலுன்னு பவுசா எழுதியிருக்கா. புள்ளி நாலாம்! மழையில வெளியவே போகல டீச்சர். போர்வையைப் போத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்தே நூறுன்னு தட்டிவிட்டிருக்கா. மாசக் கடைசியில நோட்டை மட்டும் சோடிச்சு அனுப்பிட்டா."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம? வியாழக்கிழமையே போன் போட்டேன். நான் அனுப்புனது நூத்தி எம்பத்தேழுதான்னு சாதிக்கா. அப்போ என் கம்ப்யூட்டரா பொய் சொல்லுது, ஏட்டி கள்ளின்னு கேட்டேன். மழைமானி வேலிச் சாவியை ஊரு டீக்கடையில குடுத்துட்டு வீட்டுல கிடன்னு சொல்லிட்டேன்."

தவசிமுத்து பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். செண்பகவடிவைப் பதினோரு வருட வேலையிலிருந்து நீக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியது. அலுவலகத்தில் யாருக்கும் தெரிய வேண்டாமென்று தட்டச்சுக்குக் கொடுக்காமல் தன் கையாலேயே எழுதியிருந்தார். மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவது முறை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்த கடிதம். கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டன.

"திங்கக்கிழமை காலையில இது தபாலுக்குப் போகுது. மிச்சம் முப்பத்து மூணு பேருல எத்தனை கள்ளன் இருக்கான்னு தெரியணும். அதுக்குத்தான் புரோகிராம்."

"ஒப்பிங்க," என்றார் டீச்சர்.

"டீச்சர், இது என் தப்பு இல்லையே. நான் எதுக்கு ஒப்பிக்கணும்?"

"நின்னுக்கிட்டுதானே இருக்கீங்க. ஒப்பிங்க."

தவசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமை காலையில லேப்டாப்பைத் திறந்தேன். மழைக் கோப்பை உள்ள இழுத்தேன். முப்பத்து நாலு வரிசை, முப்பத்தோரு நாளு. எல்லாத்துக்கும் கூட்டுத்தொகை எடுத்தேன். அதிகாரிக்கு அனுப்பினேன். அவ்வளவுதான் அன்னைக்கு. லேப்டாப்பை நிறுத்தல, மூடியை மட்டும் இறக்கி வச்சேன். வியாழக்கிழமை மலையில இருந்து நோட்டெல்லாம் வந்துச்சு. மூடியைத் தூக்கினேன். ஒத்துப் பாத்தேன். முப்பத்து மூணும் சரியா இருந்துச்சு. கூனிப்பாறை மூணு நாளு இடிச்சுது."

"திங்கக்கிழமைக்கு வாங்க. கூட்டுத்தொகைக்குப் பிறகு?"

"மூடியை இறக்கினேன்."

"அதுக்கு முன்னால?"

"ஒண்ணுமில்ல. கோட்டுப்படம் ஒண்ணு போட்டுப் பாத்தேன். மீட்டிங்குக்குக் கேட்டாங்க. அதெல்லாமா ஒப்பிக்கணும்? சும்மா பாத்ததுதானே."

"சும்மா எப்படிப் பாத்தீங்க?"

"படத்துல கூனிப்பாறைக் கோடு மட்டும் தென்னை மரம் மாதிரி நிக்குது. மத்ததெல்லாம் தரையில புல்லு மாதிரிக் கிடக்கு. ஒண்ணும் வெளங்கல. அதனால அந்த வரிசையை மட்டும் தனியா வெட்டி எடுத்து, வேற பேரு வச்சு, நூறுக்கு மேல போனதையெல்லாம் நூறுன்னு..."

தவசிமுத்துவின் குரல் லேசாக இறங்கியது. உடனே அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டார்.

"நூறுன்னு ஆக்கினேன். ஆனா அது தனித்துண்டு டீச்சர்! படத்துக்காக வெட்டினது. மூலத்துல நான் கை வைக்கவே இல்ல!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். புத்தி வந்து வாசலில் நின்று கூப்பிட்டாலும் ஆத்திரக்காரன் உள்ளிருந்தபடியே 'யாரும் இல்லை' என்பான்.

டீச்சர் கையை நீட்டினார்.

"அந்தக் கடுதாசியைக் குடுங்க."

தவசிமுத்து கொடுத்தார். டீச்சர் அதைப் படிக்கவில்லை. மேசைமேல் வைத்து மேல்பாகம் முழுவதையும் பின்னால் மடித்தார். அடியில் இருந்த மூன்று வரி மட்டும் தெரிந்தது. 'இப்படிக்கு, ம. தவசிமுத்து, உதவிப் பொறியாளர்.' பலகையில் எழுதும் பட்டைப் பேனாவை எடுத்து, அந்தப் பெயருக்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்தார்.

"டீச்சர்!"

கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

"என்ன செய்யுதீங்க? உசுரோட நிக்கிறவன் பேருல கோடு இழுக்கீங்களே! ரேஷன் கார்டுல செத்தவன் பேரைத்தான் இப்படி அடிப்பாங்க!"

"இது தனித்துண்டு அண்ணாச்சி. மூலத்துல நான் கை வைக்கவே இல்ல."

"என்ன தனித்துண்டு? நாலு தடவை எழுதின கடுதாசி! நாசமாப் போச்சே!"

"மடிப்புல தெரிஞ்சதை மட்டும்தான் தொட்டேன்."

"மடிச்சா என்ன? அதே தாளுதானே! நீங்க மடிப்புல அடிச்சா, விரிக்கும்போது..."

தவசிமுத்து நிறுத்தினார்.

"விரிங்க," என்றார் டீச்சர்.

தவசிமுத்து கடிதத்தை எடுத்து மெல்ல விரித்தார். முழுக் கடிதமும் இருந்தது. அவர் பெயருக்கு மேல் கோடும் இருந்தது.

"கீழே ஜெராக்ஸ் கடை இருக்கு அண்ணாச்சி. என் கையில குடுக்கிறதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்திருக்கலாம்."

தவசிமுத்து உட்கார்ந்துவிட்டார். வழக்கம் கெட்டது. டீச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"லேப்டாப்பை எடுங்க."

எடுத்தார். திங்கட்கிழமை கோப்பிலிருந்து உள்ளே இழுத்த எண்கள் திறந்தபடியே இருந்தன.

"பதினேழாம் வரிசை. பத்தொன்பதாம் தேதி."

"நூறு."

"இப்போ கோப்பைப் புதுசா உள்ள இழுங்க."

தவசிமுத்துவின் விரல் இரண்டு முறை தப்பான எழுத்தில் விழுந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது.

"எவ்வளவு?"

தவசிமுத்து திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"நூத்தி எம்பத்தேழு புள்ளி நாலு."

"இருபது?"

"நூத்தி அம்பத்திரண்டு."

"இருபத்து மூணு?"

"நூத்தி அறுபத்து மூணு புள்ளி ரெண்டு."

"நூறுன்னு அனுப்பினது யாரு?"

இந்த இடத்தில் மனிதன் தலைகுனிவான் என்று எதிர்பார்ப்போம். தவசிமுத்து குனியவில்லை. அவருக்குக் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். மொழியின் மேல் இறக்கினார்.

"இது என்ன சவத்து மொழி டீச்சர்? வெட்டி எடுத்தா தனியா வரணுமா இல்லையா? வேற பேருகூட வச்சேனே! எந்த மடையன் இப்படிச் செஞ்சு வச்சான்?"

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?"

"இல்ல டீச்சர், நியாயமாச் சொல்லுங்க."

"நகல் கேட்டா நகல் தரும். நீங்க கேக்கல. முப்பத்து நாலு வரிசைக்கு நகல் எடுத்தா ஒரு கேடும் இல்ல. முப்பது லட்சம் வரிசைக்குத் தொட்டதுக்கெல்லாம் நகல் எடுத்தா மெஷினு மூச்சு முட்டிப் போகும். அதனால அது அசலையே காட்டுது. காட்டினா பாப்பாரு, பாத்துட்டுப் போவாருன்னு உங்களை நம்பிக் காட்டுது. வேற பேரு வச்சா ஆளு வேற ஆயிருமா?"

"நீங்க முதல்லயே சொல்லித் தந்திருக்கணும்."

டீச்சரின் மூக்கு நுனி சிவந்தது.

"உங்க நோட்டை எடுங்க. ஆவணியில ரெண்டாவது சனிக்கிழமை."

தவசிமுத்து நோட்டைப் புரட்டினார். அவருடைய சொந்தக் கையெழுத்தில், முத்து முத்தாக, சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. 'வெட்டியது நகல் அல்ல. நகல் வேண்டுமானால் கேட்டு வாங்கு.'

எழுதி வைத்தால் படித்ததாகிவிடும் என்று நினைக்கும் கூட்டம் நம்முடையது. அடிக்கோடு போட்டால் மனப்பாடம் ஆகிவிடும் என்று வேறு நினைப்பு.

தவசிமுத்து நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். முகத்தில் தெளிவு வந்தது.

"நல்லவேளை டீச்சர். கடுதாசி இன்னும் போகல. மூலக் கோப்பும் பத்திரமா இருக்கு. ஒரு சேதாரமும் இல்ல."

சொல்லிவிடுகிறேன்: கதை சொல்லும் எனக்கே இந்த இடத்தில் கை பரபரக்கிறது. டீச்சர் எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ தெரியாது.

தவசிமுத்து கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க," என்றார் டீச்சர். "வேணும்."

அப்போதுதான் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். புடவை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துப் பிடித்திருந்தார். அது மட்டும் நனையவில்லை.

"தவசிமுத்து சார் யாரு? ஆபீசுக்குப் போனேன். சனிக்கிழமை இங்கன படிக்க வருவாருன்னு வாச்சுமேன் சொன்னாரு."

தவசிமுத்து எழுந்தார்.

"நான்தான். நீங்க?"

"தெரியலையா? நான்தான் சார் கள்ளி. கூனிப்பாறைக் கள்ளி."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். செண்பகவடிவு உட்காரவில்லை. பையைத் திறந்து போனை வெளியே எடுத்தார். அடுத்து ஒரு கண்ணாடிக் குவளை வந்தது. பக்கவாட்டில் கோடு கோடாக அளவு போட்ட குவளை. இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"இது நான் அனுப்புன மெசேஜு. பத்தொன்பதாம் தேதி, எட்டு மணி அம்பத்தோரு நிமிஷம். படிங்க."

"படிக்க வேண்டாம்மா. எனக்குத்..."

"படிங்க சார். எம்புட்டுன்னு போட்டிருக்கேன்?"

"நூத்தி எம்பத்தேழு புள்ளி நாலு."

"இந்தக் கிளாசுல இருபதுதான் கொள்ளும். ஒன்பது தடவை ஊத்தி ஊத்தி அளந்தேன். எண்ணிக்கை தப்பிரக் கூடாதுன்னு தடவைக்கு ஒரு கோடு கரியால செவத்துல கிழிச்சேன். இப்பவும் இருக்கு, வந்து பாருங்க. பத்தாவது தடவை ஏழு புள்ளி நாலு வந்துச்சு. அந்தப் புள்ளி நாலைச் சொல்லித்தானே போன்ல சிரிச்சீங்க? அன்னைக்குப் பாதையில மரம் விழுந்து கிடந்துச்சு சார். ஏறிக் குதிச்சுப் போனேன். இந்த முட்டி பேந்துச்சு. எட்டரைக்கு அனுப்ப வேண்டியது எட்டு அம்பத்தொண்ணு ஆச்சு. லேட்டு ஆயிருச்சேன்னு நானே பயந்தேன். நீங்க லேட்டுன்னு திட்டியிருந்தா வாங்கியிருப்பேன். கள்ளின்னீங்க."

"தப்பு என்னுதுதாம்மா," என்றார் தவசிமுத்து. வியாழக்கிழமை போனில் 'நீ'யும் 'ஏட்டி'யுமாக இருந்தவர் இப்போது அம்மா ஆகியிருந்தார். "கம்ப்யூட்டர்ல ஒரு வரிசையை வெட்டும்போது நான் கவனிக்காம விட்டுட்டேன். இப்போதான் தெரிஞ்சுது. நீங்க அனுப்பினது சரி. உங்களை எடுக்கச் சொல்லி எழுதின கடுதாசியும் போகல. நாளைக்கே போய் அளங்க. எல்லாம் பழையபடி இருக்கும்."

"பழையபடியா?"

செண்பகவடிவு ஜன்னலைக் காட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இதை யாரு சார் அளந்தா?"

தவசிமுத்து ஜன்னலைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை சாவியைக் குடுன்னீங்க, குடுத்துட்டேன். நேத்து யாரும் அளக்கல. இன்னைக்கும் அளக்கல. பாட்டிலு நெறஞ்சு வெளிய ஓடியிருக்கும். பதினோரு வருஷத்துல என் நோட்டுல ஒரு கட்டம் வெறுமையாக் கிடந்ததில்ல. என் சின்ன மவன் பொறந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு போய் அளந்துட்டு வந்துதான் பிள்ளை முகத்தைப் பாத்தாரு. இப்போ ரெண்டு கட்டம் வெள்ளையாக் கிடக்கு. அதை எதை வச்சு நெரப்ப?"

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லம்மா." தவசிமுத்துவுக்குத் தெரிந்த வேலை வந்ததும் குரலில் தெம்பு வந்தது. "பக்கத்து நிலையம் நாலைந்தோட சராசரியை எடுத்து அந்த ரெண்டு கட்டத்துல போட்டுரலாம். ஒரே வரிதான்."

செண்பகவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அளக்காமலே எழுதச் சொல்லுதீங்களா சார்?"

தவசிமுத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேலை கேட்டு வரல," என்றார் செண்பகவடிவு. "சாவியைக் குடுக்கும்போது டீக்கடையில பத்துப் பன்னெண்டு பேரு இருந்தாங்க. கடைக்காரரு கேட்டாரு, என்னத்தைத் திருடுன செண்பகம்னு. எம் மவ பக்கத்துல நின்னா. பதினாலு வயசுப் பிள்ளை. அவ என்னையக் கேக்கல சார். கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. கேக்காம வீட்டுக்கு நடந்தா."

"அய்யோ."

"சாவியை நானாப் போய்க் கேட்டு வாங்க மாட்டேன். குடுக்கச் சொன்ன வாயி வரணும். அதே டீக்கடைக்கு வரணும். ஆளு இருக்கும்போது வரணும். என்ன நடந்துச்சுன்னு சொல்லி, உங்க கையால வாங்கி என் கையில குடுக்கணும். நாலே முக்காலுக்கு மலை பஸ்சு. காலையில எட்டரைக்கு நான் அளக்கணும்."

"இன்னைக்கேவா? இந்த மழையில மலைக்கா?"

"நான் இதுலதான் வந்தேன்."

தவசிமுத்து நெற்றியைத் துடைத்தார். டீக்கடை அவர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு நடுவில் உதவிப் பொறியாளர், கையில் சாவியோடு.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. ஆபீஸ் மூலமா ஒரு கடுதாசி அனுப்பச் சொல்லுதேன். முத்திரை வச்சே அனுப்புதேன். நீங்க இதை மனசுல வச்சுக்கக் கூடாது. உங்க முகத்தையே நான் இன்னைக்குத்தான் பாக்கேன். உங்களுக்கும் எனக்கும் என்ன பகை? எனக்கு நீங்க பதினேழாம் வரிசை, அவ்வளவுதான். நான் கை வச்சது வரிசையில. உங்க மேல இல்ல. சத்தியமா உங்க மேல இல்லம்மா."

செண்பகவடிவு குவளையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

தவசிமுத்து டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் எண்ணுலதானே கை வச்சேன்?"

டீச்சர் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்தார். பெயருக்கு மேல் கோடு விழுந்திருந்த அந்த அடிப்பாகம் தவசிமுத்துவின் கண்ணுக்கு நேராக வரும்படி விரித்து வைத்தார்.

"நானும் தாளுலதான் கோடு போட்டேன் அண்ணாச்சி. நீங்க ஏன் அந்தக் கத்து கத்தினீங்க?"